அடுப்படிக்குக் கீழே

மாமா போன் செய்தபோது அப்பா இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டே பேசினார். அதனால் க்வார்ட்டர்ஸில் இருந்த மூன்று பேருக்கும் விஷயம் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"மாமா, கொல்லையில வேப்பமரம் எறங்கிட்ச்சு."

"மழைக்குச் சாஞ்சுருச்சா?"

"சாயல மாமா. நின்னுகினே உள்ள எறங்கிட்ச்சு. உச்சாணிக் கொம்பு மட்டும் வெளிய தெரியுது. ஆடு தரையில நின்னுகினே கொழுந்த மேயுது."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. லேஸைக் கட்டாமல் நிமிர்ந்து, "தண்ணி தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியல. கல்லு போட்டா சத்தம் வருது."

"எவ்ளோ நேரம் கழிச்சு?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "போட்டதையே மறந்தப்புறம்," என்றார்.

நான் மாமா என்பது அம்மாவின் தம்பியை. அவர் அப்பாவை மாமா என்பார். ஒரே வீட்டில் இரண்டு மாமா என்று அம்மா கேலி செய்வாள். அவர் ஊர் விருத்தாசலத்துக்கு மேற்கே, அரியலூர் போகிற பக்கம். எங்கள் நெய்வேலியில் எங்கே தோண்டினாலும் சிவப்பு மண் வரும். அங்கே தோண்டினால் வெள்ளை. கடப்பாரை படுகிற இடத்தில் சிப்பி உடையும். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் அது. அந்த மண்ணைக் கையில் எடுத்தால் கோடு கோடாக ரேகையில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நிலத்தில் பாதி அம்மாவின் பங்கு. அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. ஓய்வு பெற்றால் க்வார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீடு, ஆனால் எங்கள் வீடு இல்லை. டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் மாமா கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு வீடு கட்டுவதென்று முடிவாகி, முளை அடித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. வேப்பமரம் இறங்கிய இடம் அந்தக் கயிற்றிலிருந்து ஒரு மாட்டுவண்டியைத் திருப்பலாம், அவ்வளவு தூரம்தான்.

அங்கே வீடு கட்டலாமா, கூடாதா. இதைத்தான் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் நிலவியல் முதுகலை முடித்து, நிலத்தடி நீர் அளவெடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறேன். படித்ததெல்லாம் மணற்கல்லும் நிலக்கரியும். சுண்ணாம்புக்கல் எனக்குப் பரீட்சைக்கு வந்த இரண்டு கேள்விகள்.

அப்பாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மைன்ஸில் பம்ப் செக்‌ஷன். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே மணல், மணலுக்குள் தண்ணீர். அது சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். விட்டால் பூரி மாதிரி உப்பிவிடும் என்பார் அப்பா. வேலையில் சேர்ந்த நாள்முதல் அவர் செய்தது அதுதான். கீழே தண்ணீர் இருந்தால் எடு, எடுத்தால் பத்திரம். அந்தப் பழக்கம் ஷிஃப்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவரைவிட்டுப் போகாது. எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் பம்பை எங்கே இறக்கலாம் என்றுதான் பார்ப்பார். "கல்யாணப் பந்தியில ரசம் கொட்டினாக்கூட மோட்டார் எத்தனை ஹெச்பின்னு கேப்பாரு உங்கப்பா," என்பாள் அம்மா.

அப்பாவின் வார விடுமுறையில் நானும் அவரும் டூவீலரில் கிளம்பினோம். எடுத்துக்கொண்டவை: இரண்டு ஹெல்மெட், நெற்றியில் கட்டும் விளக்குகள், நைலான் கயிறு, அளவுநாடா, திசைகாட்டி, மெழுகுவர்த்தி, பிஸ்கட். அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றைத் திணித்தாள். அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை, ஆனால் எடுத்துக்கொண்டேன்.

*

பள்ளத்தின் வாய் வட்டமாக இருந்தது. விளிம்பில் மண் வெடித்து அடுக்கடுக்காக உள்நோக்கி இறங்கியிருந்தது. மரம் நட்டது நட்டபடி உள்ளே நின்றது, இலைகூட வாடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விழுந்த மரம் என்றால் விழுந்தது தெரியும். இது தன் இடத்திலேயே இருந்தது, இடம்தான் கீழே போயிருந்தது.

"இது மொத தபா இல்ல பாப்பா," என்றார் மாமா. வரப்பில் குந்தியபடி, சொல்லக் காத்துக்கொண்டிருந்தவர்போலச் சொன்னார்.

முதல் தடவை அவர் சின்னப் பையன். அவருடைய அப்பா இந்தக் கொல்லையில் கிணறு வெட்டினார். வெள்ளைக்கல் வரை போய், கல்லையும் உடைத்து இறங்கிக்கொண்டிருந்தபோது, கிணற்றுக்காரர் ஓங்கிப் போட்ட கடப்பாரை கல்லில் மோதாமல் போயிற்று. கையை விட்டு நழுவி, போன இடம் தெரியவில்லை. பிறகு, கீழே எங்கோ தண்ணீரில் விழுந்த சத்தம். அந்த ஓட்டையிலிருந்து காற்று வந்ததாம்.

"குளுந்த காத்து. சித்திர மாசம் பாப்பா. கெணத்து உள்ளாற நின்னுகினு இருந்த நாலு பேருக்கும் பல்லு கட்டிக்கிச்சு. மேல ஏறனவங்க கூலியக்கூட வாங்கல, பூட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. பனமரத்த அறுத்து மேல போட்டு, கல்லு போட்டு, மண்ணு போட்டு மூடிட்டாரு எங்கப்பா."

"எந்த இடம்?"

மாமா கையை நீட்டினார். முதலில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நீண்ட கை, பிறகு கொஞ்சம் நகர்ந்தது. "அந்தாண்டதான். ஒரு முருங்க மரம் இருந்துச்சு, அதுக்குப் பக்கம். மரம் பூட்ச்சி. சரியா நெனப்பில்ல."

இரண்டாவது தடவை, அவருக்குக் கல்யாணம் ஆன பிறகு. போர் போட வண்டி வந்தது. ராடு இறங்கிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு ஆள் உயரம் தானாகக் கீழே போயிற்று. கம்ப்ரஸர் காற்று மேலே திரும்பி வரவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடிவந்தார். அவருடைய பாழுங்கிணற்றில் விசில் அடிக்கிறதாம். வண்டிக்காரன் முனையில் இருந்த பிட்டைக் கீழேயே இழந்துவிட்டு, திட்டிக்கொண்டே போனான். அந்தக் குழிமேலும் ஒரு கல்லைப் போட்டு மூடினார்கள்.

மூன்றாவது, இந்த மழை.

கண்டுபிடிப்பு என்றால் திறப்பது என்று நான் நினைத்திருந்தேன். இந்தக் குகையைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் செய்தது ஒரே காரியம்தான்: மூடினார்கள். மூடிய பிறகு அதன்மேல் கம்பு விதைத்தார்கள், மாடு கட்டினார்கள், வீடு கட்டினார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மூடிவிட்டால் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுப் பக்கமிருந்து அத்தை வந்தாள். மாமாவின் மனைவி. டம்ளர்களை நீட்டிக்கொண்டே, "என்னாண்ணா, உங்க மச்சான் சொத்தக் காட்டினாரா? ஊருல எல்லாரும் மேல மாடி கட்றான். இவரு கீழ கட்டி வெச்சிருக்காரு," என்றாள்.

அப்பா சிரித்தார். மாமா, "நீ போ, மாவு பொங்குது," என்றார்.

"மாவு எங்க பொங்குது, இன்னும் அரைக்கவே இல்ல. கிரைண்டரு நின்ன எடத்துல நிக்க மாட்டுது. ஓட்டுனா நவுந்து நவுந்து மூலைக்குப் போவுது. அட்டைய மடிச்சுக் காலுக்கு அண்டக் குடுத்து வெச்சிருக்கன்."

"எப்பலேர்ந்து அத்தை?" என்றேன்.

"மழைலேர்ந்துதாம்மா. பின்கதவும் சாத்த மாட்டுது. புதுக் கதவு, தண்ணி குடிச்சு ஊதிட்ச்சுன்றாரு உங்க மாமா."

அப்போதே நான் போய்ப் பார்த்தேன். கதவு ஊதவில்லை. நிலையின் ஒரு மூலை ஒரு விரல் அளவு கீழே இருந்தது. அடுப்படிச் சுவரில் முடி அளவுக்கு ஒரு விரிசல், படிபடியாகச் செங்கல் வரிசையைப் பின்பற்றி இறங்கியது. புது வீட்டில் இப்படி வருவது சகஜம். அந்த வாக்கியத்தை மனதில் எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

*

கிணற்றில் இறங்குவதற்குமுன் ஊரில் செய்கிறபடி மாமா ஒரு புங்கங்கிளையைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் விட்டு, மேலும் கீழுமாக ஆட்டினார்; கெட்ட காற்று இருந்தால் கலையும். பிறகு நான் மெழுகுவர்த்தியை இறக்கினேன். அணையவில்லை. மரத்தையே ஏணியாக வைத்து நானும் மாமாவும் இறங்கினோம். அப்பா மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வேரைத் தாண்டினால் ஒரு அறை. எங்கள் க்வார்ட்டர்ஸ் முன்னறை அளவு இருக்கும். சுவரில் சிப்பிகள் பதிந்திருந்தன; விளக்கைத் திருப்பினால் அவற்றின் விளிம்புகள் வரிசையாக எழுந்து நின்றன. கூரையிலிருந்து விரல் நீளத்துக்குக் கல் ஊசிகள் தொங்கின. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சொட்டு. அழகாக இருந்தது என்று சொல்ல வேண்டும், அதுவும் உண்மைதான். ஆனால் மாமா மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார். யாரோ தூங்குகிற வீட்டுக்குள் வந்ததுபோல.

அறையின் கோடியில் ஒரு வழி, குனிந்தால் போகலாம். கொஞ்ச தூரத்தில் அது தண்ணீருக்குள் இறங்கியது. அசையாத, பச்சையான தண்ணீர். அதன் மேல்மட்டம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பார்க்க முடியாது. திசைகாட்டியைப் பார்த்தேன். வழி வடகிழக்கே போனது. எங்கள் முளைகளும் மாமாவின் வீடும் இருந்த பக்கம் அது.

மேலே ஏறி வந்து சொன்னேன். அப்பாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

"அவ்ளோதானே. எடுத்துரலாம்."

"கொஞ்சம் யோசிக்கலாம்பா. தண்ணி ரொம்ப நாளா அங்கயே இருக்கு."

"இருக்கறதாலதான் எடுக்கணும். கீழ தண்ணிய வெச்சிக்கிட்டு மேல யாராச்சும் வீடு கட்டுவானா? மாப்ள, டீசல் இன்ஜின் கெடைக்குமா?"

"ரோட்டாண்ட ஒருத்தன்கிட்ட இருக்குது மாமா. சோளத்துக்கும் தண்ணி பாஞ்ச மாதிரி ஆவும்."

எனக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் கிடைத்திருக்காது. பள்ளிக்கூடத்தில் எங்களை மைன்ஸுக்கு அழைத்துப் போனபோது காட்டியதே அந்தப் பம்புகளைத்தான்: இவைதான் உங்களைக் காப்பாற்றுகின்றன. நான் ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். இன்ஜினைப் பள்ளத்தின் வாயிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று போகிற திசையில் வைக்க வேண்டும். புகை உள்ளே இறங்கக்கூடாது. அப்பா தலையாட்டினார். "படிச்ச புள்ள," என்றார் மாமாவிடம்.

மாலைக்குள் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் முதலில் பாலாக வந்தது, பிறகு தெளிந்தது. சோளக்கொல்லையில் பாய்ந்து வெயிலில் மினுங்கியது. அப்பா இன்ஜின் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். வேலைக்குப் போன மாதிரியே இருந்தார்.

நடுவில் ஒரு தடவை கரண்ட் போயிற்று. வீட்டுக்குள் மிக்ஸி நின்றதும் அத்தை கையில் மூடியோடு வாசலுக்கு வந்து, எதிர் வீட்டைப் பார்த்துக் கேட்டாள், "உங்களுக்கு இருக்குதா?"

"எங்களுக்கும் இல்லக்கா."

"அப்ப சரி," என்று திருப்தியாக உள்ளே போனாள். நான் சிரித்தேன். எங்கள் ப்ளாக்கிலும் இப்படித்தான். நமக்கு மட்டும் போகவில்லை என்று தெரிந்தால் போதும்.

அன்று அங்கேயே தங்கினோம். நான் முன்னறையில் படுத்தேன். இன்ஜின் சத்தம் தரை வழியாக வந்தது. தரை வழியாக இவ்வளவு தெளிவாக வரக்கூடாது என்று தோன்றியது.

*

காலையில் தண்ணீர் இறங்கியிருந்தது. குழாய் காற்றையும் சேர்த்து இழுக்க ஆரம்பிக்க, அப்பா அதைச் சரிசெய்து இன்னும் தாழ்த்திவிட்டு, "ரோடு போட்டுக் குடுத்திருக்கேன், போய்ப் பாரு," என்றார். மாமா முதல் அறையில் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தார். நான் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு வழிக்குள் போனேன். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் வருகிறேன்.

நேற்றுவரை தண்ணீர் நின்ற இடம். சுவரில் ஈரக்கோடு என் தலைக்குமேல் இருந்தது. காலடியில் சேறு, ஒவ்வொரு அடியையும் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு விட்டது. வழி அகலமானது. மூன்று விஷயங்களை வரிசையாகக் கவனித்தேன். கூரையில் சிப்பிகள் இல்லை. கல் ஊசிகளும் இல்லை. விளக்கைத் தூக்கினால் வெள்ளை தெரியவில்லை. சிவப்பும் கறுப்புமாக ஈரமண் தெரிந்தது.

எனக்கு முன்னால் ஒரு குவியல். மேலிருந்து சரிந்து வந்த மண், உடைந்த ஓடு, கருங்கல் துண்டுகள், உளுத்த பனைமரத்தின் நார். அதன் ஓரத்தில், சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றது ஒரு கடப்பாரை. துரு அதைப் பருமனாக்கியிருந்தது. மாமா சின்னப் பையனாக இருந்தபோது ஒருவர் கையிலிருந்து நழுவியது, யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனது மாதிரி நின்றது.

அப்படியானால் பழைய கிணறு என் தலைக்குமேல்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் அப்பாவின் இன்ஜின் என்று நினைத்தேன். இன்ஜின் சத்தம் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. இது மேலிருந்து வந்தது. ஒரு உருளல், நடுநடுவே கல்லோடு கல் தட்டுகிற ஒரு தட்டல், மறுபடி உருளல். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம், ஆனால் கீழேயிருந்து கேட்டதில்லை. அதனால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தை இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கை மேலே திருப்பினேன். குவியலுக்கு நேர்மேலே மண் குழிந்து, மணியின் உட்புறம்போல உயர்ந்து போயிருந்தது. அதன் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். ஓரம் நேராக இருந்தது. இயற்கையில் எதுவும் அவ்வளவு நேராக இருக்காது. காங்கிரீட். மாமா வீட்டுத் தூணின் அடிப்பாகம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

தட்டல் கேட்கும்போதெல்லாம் அந்தச் சதுரத்தைச் சுற்றி மண் உதிர்ந்தது. சின்னதாக, சர்க்கரை கொட்டுவதுபோல. நேற்றுவரை இந்த மண் தண்ணீருக்குமேல் உட்கார்ந்திருந்தது. ஈரக்கோடு அதன் அடிவிளிம்பைத் தொட்டிருந்ததை விளக்கு காட்டியது. தண்ணீர்தான் தாங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீர் தரையைத் தூக்கி உடைக்கும். இங்கே அதே தண்ணீர் தரையைத் தோளில் வைத்திருந்தது. தோளை நாங்கள் எடுத்துவிட்டோம்.

கயிற்றை இரண்டு முறை இழுத்தேன். ஓடவில்லை. காலை மெதுவாக எடுத்து மெதுவாக வைத்தேன்.

"என்னா பாப்பா, மொகம் வெளுத்துகினு வருது?" மாமா எழுந்தார்.

"கடப்பாரை இருக்கு மாமா."

"நெஜமாவா!" அவர் முகம் மலர்ந்தது. "எங்கப்பா சாவற வரிக்கும் அதப் பத்தியே பேசிகினு இருந்தாரு. எங்க? கொண்டாந்தியா?"

"அடுப்படிக்குக் கீழ இருக்கு."

மலர்ந்தது அப்படியே நின்றது. அவர் வாய் அசைந்தது. முருங்கை மரம் என்றார், சத்தமில்லாமல். பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு மரத்தில் ஏற ஆரம்பித்தார். கை நழுவியது. நான் அவருக்கு முன்னால் ஏறினேன்.

*

மேலே வெயில். அப்பா கையை ஆட்டினார். இன்ஜின் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. வீட்டை நோக்கி ஓடினேன்.

ஓடும்போது யோசித்தவை, வரிசைப்படி. உள்ளே போகக்கூடாது, இன்னொரு ஆள் எடை. கூப்பிட்டால் வரமாட்டாள், மாவு பாதியில் இருக்கிறது. காரணம் சொன்னால் கேள்வி கேட்பாள், அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பாள். கத்தினால் பயந்து அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

மீட்டர் பெட்டி வாசல் சுவரில் வெளிப்பக்கம் இருந்தது. மெயினை இறக்கினேன்.

கிரைண்டர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உள்ளே அத்தை சலித்துக்கொள்வது கேட்டது. பாத்திரம் ஒன்றை நகர்த்தினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வருவாள் என்று தெரியும், ஆனால் வரவில்லை. நான் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்பதை உணர்ந்து கையை எடுத்தேன்.

வந்தாள். முழங்கை வரை மாவு. என்னைத் தாண்டி எதிர் வீட்டைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இருக்குதா?"

"எங்களுக்கு இருக்குதேக்கா."

"எங்களுக்கு மட்டுமா பூட்ச்சி?" என்று அவள் திரும்புவதற்குள் மாவுக்கையைப் பிடித்தேன். தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா, கைய வுடு, மாவு..."

"அத்தை, கொஞ்சம் இங்க நில்லுங்க."

"பாதி அரைச்சிருக்கன் பாப்பா, புளிச்சுடும்."

"புளிக்கட்டும்."

அந்த நேரத்தில் மாமா அப்பாவிடம் போய்ச் சேர்ந்திருந்தார். அப்பா எங்களைப் பார்ப்பதும், வீட்டைப் பார்ப்பதும், தன் கையிலிருந்த கந்தல் துணியைப் பார்ப்பதும் தெரிந்தது. அவர் குனிந்து இன்ஜினை நிறுத்தினார். பம்பை நிறுத்தினால்தான் பத்திரம் என்ற ஒரு நிலைமையில் அவர் அதுவரை இருந்ததில்லை. கை அந்த லீவரில் நெடுநேரம் இருந்தது.

சத்தம் நின்ற பிறகு ஊரில் இருக்கிற மற்ற சத்தங்கள் வந்தன. ஆடு. டவுன்பஸ். யாரோ வீட்டில் டிவி. நாங்கள் நான்கு பேரும் எதிர் வீட்டு வேலியோரம் நின்றோம். அத்தை கையில் மாவு காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நகை பீரோலதான இருக்குது," என்று அத்தை ஒரு அடி எடுத்து வைத்தாள். மாமா குறுக்கே நின்றார். அவர் அவளைத் தடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அடுப்படி போயிற்று. இடிந்து விழவில்லை. பின்பக்க மூலை முதலில் தாழ்ந்தது, வீடு அந்தப் பக்கம் காலை மடக்கி உட்காருவதுபோல. சுவரில் இருந்த விரிசல் வாய் திறந்தது. அலமாரித் தட்டிலிருந்து பாத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சரிகிற சத்தம் வந்தது. பிறகு கனமான ஏதோ ஒன்று நகர்ந்து போகிற சத்தம், நிற்காமல், கீழே, கீழே. கடைசியில் சேற்றில் விழுந்த சத்தம். வேப்பமரத்துப் பள்ளத்திலிருந்து புழுதி ஒரு மூச்சாக வெளியே வந்தது.

"கிரைண்டரு," என்றாள் அத்தை.

அப்பா என் பக்கம் திரும்பாமலே கேட்டார், "தண்ணிய எடுத்தது தப்பாம்மா?"

அந்தத் தூணின் கீழே மண் எப்போது இறங்க ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. கதவு மழையிலிருந்தே சாத்த வரவில்லை. என்றாவது போயிருக்கும். ஆனால் இன்று போனது.

"இது வேற மண்ணுப்பா," என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு போய், எங்கள் வீட்டுக்காக அடித்திருந்த முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினார். கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டார். அதற்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டலாமா, கூடாதா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

*

அதிகாரிகள் வந்து பார்த்து, சுற்றிலும் முள் போட்டு, யாரும் போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். மூடிவிடலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். மாமா வேண்டாம் என்றுவிட்டார். "மூடுனா மறந்துடுவோம்," என்றார். குகைக்குள் தண்ணீர் மறுபடி ஏறிவிட்டது. பீரோவை வெளியே கொண்டுவர முடிந்தது. அடுப்படியில் இருந்தது எதுவும் வரவில்லை.

மாமாவும் அத்தையும் இப்போது எங்களோடு க்வார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். சாவியைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. பிறகு ஐந்து பேரும் எங்கே போவதென்று இன்னும் முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் மனை பார்க்கப் போகிறோம். விற்பவர்கள் ரோடு, பஸ், பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

அத்தைக்குப் புதுக் கிரைண்டர் வாங்கினோம். அதை அவள் உள்ளே வைக்கவில்லை, வாசல் வராந்தாவில் வைத்திருக்கிறாள். அரிசியைப் போட்டுவிட்டு, ஸ்விட்சில் கை வைத்தபடி ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவாள்.

"பாப்பா, இங்க அடியில என்னா இருக்குது?"

எனக்கு இது நன்றாகத் தெரிந்த பட்டியல். மேலிருந்து கீழாகச் சொல்வேன். செம்மண். மணற்கல். களிமண். நிலக்கரி. அதுக்குக் கீழ மணல். மணலுக்குள்ள தண்ணி.

"வெத்து எடம் எங்கனா இருக்குதா?"

"இல்ல அத்தை."

அவள் ஸ்விட்சைப் போடுவாள். கல் உருள ஆரம்பிக்கும். பட்டியலின் கடைசிச் சொல், தான் இத்தனை வருஷமாக இறைத்து எடுக்கிற அந்தத் தண்ணி, காதில் விழுந்ததுமே உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற அப்பா எழுந்துவிடுவார். எங்களைத் தாண்டிப் போய்த் தெருவில் நிற்பார். மாவு அரைத்து முடித்து கிரைண்டர் நிற்கும்வரை உள்ளே வரமாட்டார்.